மெட்டுக் காடிக்கு ஏற்ற கைரம்பம்: தேர்வும் பராமரிப்பும்

நரம்பிசைக் கருவிகளுள் மெட்டுகள் உடையவை, இல்லாதவை என இரு வகை உண்டு. மெட்டுடைய கருவிகளிலும் மெட்டைப் பொருத்தும் முறை ஒன்றுபோல் இருப்பதில்லை. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டைச் சற்றே நகர்த்திக்கொள்ளலாம். கித்தாரில் இந்த வசதி இல்லை. அதன் மெட்டுகள் கடின மரப் பலகையில் அறுத்த மெல்லிய காடிகளுக்குள் சுத்தியால் அடித்து இறுக்கப்படுகின்றன. காடி விழுந்த இடமே மெட்டின் இடம். காடியின் அகலமே மெட்டின் பிடிமானம். இவ்விரண்டையும் ஒருசேர முடிவு செய்யும் கருவி ஒரு சிறிய கைரம்பமே ஆகும்.

இத்தகைய ரம்பத்தைத் தெரிந்தெடுப்பதும், தீட்டிப் பேணுவதும் கோலார் தங்கவயல் போன்றதோர் ஊருக்குப் பொருத்தமான தொழிலறிவாகும். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே நவீன முறையில் சுரங்க வேலையைத் தொடங்கினர். 1902 ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து அவ்வூருக்கு மின்சாரம் வந்தது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. சுரங்கத்தைச் சார்ந்த பட்டறைகளில் அரமும் ரம்பமும் அன்றாடக் கருவிகளாயிருந்தன. தேவாலயப் பாடற்குழுக்களிலும் இசை நிகழ்ச்சிகளிலும் கித்தார் பழகிய கருவியாயிற்று. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் பலர் வேலையின்பொருட்டு நாள்தோறும் இரயிலில் பெங்களூருக்குச் சென்று வருகின்றனர். பட்டறையில் பழகிய கைத்திறன் சிறு தொழில்களிலேயே நிலைத்திருக்க இயலும். தேய்ந்த கித்தாருக்குப் புது மெட்டு அடித்தல் அத்தகைய சிறு தொழில்களுள் ஒன்று. உலோகத் தந்திகள் நாளடைவில் மெட்டைத் தேய்த்துவிடுமாதலால் இவ்வேலைக்குத் தேவை என்றும் உண்டு.

காடியும் நாக்கும்

மெட்டுக் கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது குடை போன்ற வடிவில் தோன்றும். மேலே உருண்டையான தலையும், கீழே மெல்லிய நாக்கும் இருக்கும். நாக்கின் இரு பக்கங்களிலும் சிறு முட்கள் உண்டு. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த உலோகத்தால் கம்பி பெரும்பாலும் செய்யப்படுகிறது. இது ஜெர்மன் வெள்ளி எனப்படினும் இதில் வெள்ளி சிறிதும் இல்லை. நாக்கின் தடிமன் கம்பிக்குக் கம்பி வேறுபடும். பெரும்பாலான கம்பிகளில் அது 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கும். முட்களையும் சேர்த்து அளந்தால் அகலம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் ஆகும். காடியானது நாக்கு நுழையும் அளவுக்கு அகன்றும், முட்கள் மரத்தைக் கவ்வும் அளவுக்குக் குறுகியும் இருத்தல் வேண்டும்.

காடி அகன்றுவிட்டால் முட்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. மெட்டின் முனை மேலெழும்பும். தந்தி அதில் உரசி அதிரும். காடி குறுகிவிட்டால் விளையும் தீங்கு உடனே கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மெட்டும் ஓர் ஆப்பாக மாறிப் பலகையின் மேற்புறத்தை நெருக்கித் தள்ளும். ஒரு காடியில் 0.05 மில்லிமீட்டர் மட்டுமே நெருக்கம் மிகுந்தாலும், 19 மெட்டுகளையும் கூட்டினால் அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. மேற்புறம் மட்டும் இவ்வாறு நீள முயல்வதால் கித்தாரின் கழுத்து பின்புறமாக வளைகிறது. ஒரு தலைமயிரின் தடிமனுக்கு மேற்படாத பிழை, முழுக் கருவியின் வடிவையே கெடுத்துவிடுவது இவ்வாறுதான்.

எனவே முதல் விதி இது: ரம்பத்தை மரத்திற்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது போதாது, கையிலிருக்கும் மெட்டுக் கம்பிக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். முதலில் மைக்ரோமீட்டரால் நாக்கை அளந்து, அதன் பின்னரே ரம்பத்தைத் தேடவேண்டும்.

காடிகளின் இடம்

சமமாகப் பகுத்த சுருதி முறையில் ஒரு ஸ்தாயி 12 அரைச் சுரங்களாகப் பிரிகிறது. அடுத்தடுத்த மெட்டுகளில் தந்தி நீளங்களின் விகிதம் 1.05946 ஆகும். தந்தியின் மொத்த நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் மேருவிலிருந்து முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் முதல் மெட்டுக்கும் இரண்டாவது மெட்டுக்கும் இடையிலுள்ள தூரம் கிடைக்கும். 650 மில்லிமீட்டர் நீளமுள்ள கித்தாருக்கு மேருவிலிருந்து கணக்கிட்ட தூரங்கள் வருமாறு: முதல் மெட்டு 36.48, இரண்டாவது 70.92, மூன்றாவது 103.42, ஐந்தாவது 163.05; ஏழாவது 216.18, பன்னிரண்டாவது 325.00, பத்தொன்பதாவது 433.09 மில்லிமீட்டர்.

கலிலியோவின் தந்தையாரும் லூட் என்னும் நரம்புக் கருவியை வாசித்தவருமான வின்சென்சோ கலிலி, 1581 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் 18 ஆல் வகுக்கும் எளிய விதியைக் கூறினார். கைவினைஞர் நெடுங்காலம் அதனைப் பின்பற்றினர். ஆயினும் 650 மில்லிமீட்டர் நீளத்துக்கு அவ்விதியைக் கையாண்டால், நட்ட நடுவே இருக்கவேண்டிய பன்னிரண்டாவது மெட்டு மேருவின் பக்கமாக ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் விலகிவிடும்.

அளக்கும்போது எல்லாத் தூரங்களையும் மேருவிலிருந்தே அளத்தல் வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு என அளந்து சென்றால் ஒவ்வோர் அளவின் சிறு பிழையும் அடுத்ததோடு சேர்ந்து பெருகும். ரம்பம் கோட்டைவிட்டு அரை மில்லிமீட்டர் விலகினால் நேரும் பிழையையும் கணக்கிடலாம். ஓர் அரைச் சுரத்தை 100 செண்டுகளாகப் பகுத்துக்கொண்டால், முதல் மெட்டில் அப்பிழை சுமார் 1.4 செண்டு, பன்னிரண்டாவதில் 2.7 செண்டு, பத்தொன்பதாவதில் 4 செண்டு. குதிரையை நெருங்க நெருங்க ரம்பத்தின் பிழை காதில் மிகுதியாக ஒலிக்கும் என்பது இதனால் விளங்கும்.

ரம்பத்தைத் தெரிந்தெடுத்தல்

ரம்பம் அறுக்கும் தடத்தின் அகலம் அறுப்பகலம் எனப்படும். தகட்டின் தடிமனோடு, இரு பக்கமும் சாய்க்கப்பட்ட பற்களின் சாய்வைக் கூட்டினால் அறுப்பகலம் வரும். தகடு 0.50 மில்லிமீட்டராகவும், பக்கத்துக்குப் பற்சாய்வு 0.04 மில்லிமீட்டராகவும் இருந்தால் அறுப்பகலம் 0.58 மில்லிமீட்டர் ஆகும். கை சிறிது ஆடினாலும் உண்மையான காடி இதனினும் அகன்றுவிடுமாதலால் கணக்கை மட்டும் நம்பலாகாது. வீணான மரத்துண்டில் ஒரு காடி அறுத்து, மோட்டார் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜால் அதன் அகலத்தை அளந்தறிவதே தக்க முறை. பின்னர் மெட்டுக் கம்பியின் ஒரு துண்டை அடித்துப் பார்க்க வேண்டும். சுத்தியின் மிதமான அடிகளால் கம்பி இறங்கி அமர்ந்து, பெயர்க்கும்போது எதிர்ப்புக் காட்டுமாயின் அந்த ரம்பம் ஏற்றது.

முதுகில் பித்தளைப் பட்டை பொருத்திய சிறு ரம்பம் இவ்வேலைக்கு மிகவும் உகந்தது. மெல்லிய தகடு வளையாதபடி பட்டை அதனை நேராகத் தாங்குகிறது. காடிக்கு 2 மில்லிமீட்டர் அளவு ஆழமே போதுமாதலால் பட்டை இடையூறாவதில்லை. தகட்டின் நீளம் 250 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நலம். பற்கள் அங்குலத்துக்கு 15 முதல் 20 வரை இருக்கலாம். 52 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையில், அங்குலத்துக்கு 20 பல் கொண்ட ரம்பத்தின் ஏறத்தாழ 40 பற்கள் ஒரே வேளையில் மரத்தில் நிற்கும். பல் இன்னும் நுண்ணியதானால் பல்லிடுக்கில் தூள் அடைந்து ரம்பம் வழுக்கும். பருத்ததானால் காடியின் விளிம்பு பிசிறும்.

ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுப்பது. இழுக்கப்படும் தகடு வளையாதாகையால் அதனை 0.3 மில்லிமீட்டர் அளவுக்கும் மெல்லியதாகச் செய்ய முடிகிறது. ஆயினும் இவ்வகை ரம்பங்கள் பலவற்றில் பல்லின் நுனி மின்வெப்பத்தால் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அரம் அதில் ஏறாது. மழுங்கினால் தகட்டையே மாற்றவேண்டும். அரத்தால் மீண்டும் மீண்டும் தீட்டத்தக்க ரம்பமே, புதுத்தகடு எளிதில் கிடைக்காத ஊருக்குச் சிக்கனமானது.

உலோகம் அறுக்கும் ஹாக்ஸா பிளேடைக் கொண்டு காடி அறுப்போரும் உண்டு. அதன் தடிமன் ஏறக்குறைய 0.63 மில்லிமீட்டர், பற்கள் அலை போல் வளைக்கப்பட்டிருப்பதால் அறுப்பகலம் அதனினும் மிகும். எண்ணெய்க் கல்லில் இரு பக்கமும் தேய்த்து அவ்வளைவை முற்றிலும் நீக்கினால் அறுப்பகலம் தகட்டின் தடிமனை நெருங்கும். நாக்கு தடித்த கம்பிக்கு இது போதும். மெல்லிய கம்பிக்குத் தகட்டையும் தேய்த்து மெலிவித்தல் வேண்டும். இத்தகைய பிளேடுக்குக் கடின மரத்துண்டு ஒன்றை முதுகாகப் பொருத்திக்கொள்ளுதல் இன்றியமையாதது.

அறுக்கும் முறை

கித்தாரின் மெட்டுப் பலகை மேருவின் பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருக்கும். காடிகள் பலகையின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக விழவேண்டுமேயன்றிச் சாய்ந்த விளிம்புக்குச் செங்குத்தாக அன்று. ஆதலின் பலகை நீள்சதுரமாக இருக்கும்போதே காடிகளை அறுத்துவிட்டு, அதன் பின்னர் விளிம்புகளைச் சாய்வாக இழைப்பதே முறை. நேரான விளிம்பில் மூலைமட்டத்தை வைத்து, பென்சிலால் அன்றிக் கூரிய கத்தியால் கோடு கீறவேண்டும். கத்திக் கீறல் மரநாரைத் துண்டிப்பதால் விளிம்பு பிசிறாது. ரம்பத்தின் பல்லுக்கும் அது வழிகாட்டும்.

செங்கோணத்தில் அறுத்த கனத்த மரக்கட்டை ஒன்றைக் கோட்டின் ஓரமாக இறுக்கி, அதன்மீது ரம்பத்தின் தகட்டைச் சாய்த்து அறுத்தால் தடம் செங்குத்தாக விழும். ஆழம் மிகாதிருக்க, பல் நுனியிலிருந்து வேண்டிய உயரத்தில் தகட்டின் பக்கமாக ஒரு மரச்சட்டத்தைப் பற்றவைக்கலாம். நாக்கின் உயரத்தினும் காடி சிறிதே ஆழமாக இருந்தால் போதும். வீணாக ஆழ்ந்த காடி கழுத்தை வலுவிழக்கச் செய்யும். ரம்பத்தை அழுத்துதல் கூடாது. அதன் எடையே பல்லை மரத்துள் இறக்கும். கையின் வேலை நேராக நகர்த்துவது மட்டுமே.

பழைய கித்தாருக்கு மெட்டு மாற்றும்போது காடி ஏற்கெனவே அகன்றிருக்கக்கூடும். பழைய பசையையும் தூளையும் நீக்கப் பற்சாய்வு அறவே இல்லாத மெல்லிய ரம்பத்தைப் பயன்படுத்த வேண்டும். சாய்வுள்ள ரம்பத்தை இட்டால் காடி மேலும் அகன்று கருவி கெடும். மிகவும் அகன்றுவிட்ட காடியை அதே இன மரத்தின் மெல்லிய சீவலால் அடைத்து, பசை காய்ந்த பின் புதிதாக அறுத்துக்கொள்ளலாம்.

தீட்டுதலும் பல் திருத்துதலும்

ரம்பம் மழுங்கியதைக் கையே முதலில் உணரும். அழுத்தினாலன்றி அது அறுக்காது. அழுத்தினாலோ கோட்டைவிட்டு விலகும். தீட்டும் வேலையை நான்கு படிகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, சமன் செய்தல். தட்டையான அரத்தைப் பல்வரிசையின்மேல் நீளவாக்கில் இலேசாக ஓட்டினால் எல்லாப் பற்களின் நுனியிலும் பளபளக்கும் சிறு புள்ளி தோன்றும். குட்டையான பல் ஒன்றிலும் அப்புள்ளி தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, வடிவு திருத்தல். இரண்டு கடின மரச்சட்டங்களுக்கு இடையே ரம்பத்தை வைத்து, பற்கள் மட்டும் வெளியே தெரியுமாறு பட்டறைப் பிடியில் இறுக்குக. தகடு வெளியே மிகுந்து நின்றால் அரம் படும்போது அதிர்ந்து கிறீச்சிடும். விளக்குச் சுடரில் பற்களைக் காட்டிக் கரி பிடிக்கச் செய்தால் அரம் பட்ட இடமும் படாத இடமும் தெளிவாகத் தெரியும். அங்குலத்துக்கு 20 பல் உள்ள ரம்பத்துக்கு ஊசி அரங்களுள் முக்கோண வகையே பொருந்தும். அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே அறுப்பது. பின்னிழுக்கும்போது அதனைத் தூக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, பல் சாய்த்தல். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்களை இடமும் வலமும் சாய்ப்பது காடியில் தகடு சிக்காதிருப்பதற்காக. பல்லின் மேற்பாதி மட்டுமே சாயவேண்டும். அடியோடு சாய்த்தால் பல் முறியும். இவ்வேலைக்குச் சாய்வு மிகக் குறைவாகவே தேவை. கடையில் வாங்கும் ரம்பத்தில் பெரும்பாலும் சாய்வு மிகுந்தே இருக்கும். இரு பக்கமும் மடித்த காகிதம் வைத்துப் பட்டறைப் பிடியில் பற்களை நெருக்கினால் சாய்வு குறையும். அல்லது எண்ணெய்க் கல்லைத் தகட்டோடு படிய வைத்து, ஒவ்வொரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்கலாம். ஒரு முறை தேய்த்ததும் ஒரு காடி அறுத்து அளத்தல் நன்று. தேய்ந்துபோன சாய்வைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

நான்காவது, கூர் ஏற்றுதல். காடி மரநாருக்குக் குறுக்கே செல்வது. ஆகையால் அரத்தைச் சிறிதே சாய்த்துப் பிடித்துப் பல்லின் ஓரம் கத்திமுனைபோல் அமையத் தீட்டினால் நார் துண்டிக்கப்படும். நேராகத் தீட்டினால் நார் கிள்ளப்படும். பற்கள் மிக நுண்ணியவாயின் இவ்வேற்றுமை குறைவு. ஒருவரிசைப் பற்களை ஒரு பக்கமிருந்தும், மற்ற வரிசையை மறுபக்கமிருந்தும் தீட்டி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையான தள்ளல் கொடுக்கவேண்டும்.

தீட்டிய ரம்பம் ஒரு பக்கமாகவே விலகிச் சென்றால், அப்பக்கத்துப் பற்களில் சாய்வு மிகுந்துள்ளது என அறிக. அப்பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கல்லை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் குறை நீங்கும்.

மரமும் பருவமும்

மெட்டுப் பலகைக்கு உலகெங்கும் பெரிதும் விரும்பப்படும் மரங்களுள் ஈட்டி மரம் ஒன்று. தோதகத்தி, நூக்கம் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் மலைக்காடுகளில் இது வளர்கிறது. மரத்தினுள் ஆங்காங்கே சுண்ணாம்புப் படிவுகள் இருப்பதுண்டு. அவை பல்லை விரைவில் மழுக்கும். அதன் பிசின் தகட்டில் படிந்து உராய்வை மிகுவிக்கும். மண்ணெண்ணெயோ டர்ப்பண்டைனோ நனைத்த துணியால் துடைத்து, பழைய பல்துலக்கியால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்தால் பிசின் நீங்கும்.

கோலார் மேட்டுநிலத்தில் கோடைத் தொடக்கம் வறண்டது. மழை மாதங்களில் காற்றில் ஈரம் ஏறும். இம்மாறுதலால் மரம் நாருக்குக் குறுக்கே விரிந்து சுருங்குமேயன்றி நாரின் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. மெட்டுகளின் இடைவெளியும் காடியின் அகலமும் நாரின் நீளவாக்கில் அமைபவை. ஆதலின் சரியாக அறுத்த காடியின் இடம் பருவம் மாறினாலும் பிறழாது. பலகையின் அகலம் மட்டுமே மாறும். ஈரமான மரத்தில் அடித்த மெட்டின் முனைகள், மரம் உலர்ந்து சுருங்கியதும் வெளியே நீட்டி விரலைக் கீறுவது இதனாலேயே. நன்கு உலர்ந்த பலகையில் மட்டுமே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

மழைக் காலத்தில் ரம்பத்துக்குப் பகை துருவாகும். மெல்லிய தகட்டில் துரு அரித்த பள்ளம் பல்வரிசையை அடைந்தால் அந்த இடத்தில் கூர் நிற்காது. வேலை முடிந்ததும் கைவியர்வையைத் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெயை ஒரு பூச்சுப் பூசி, பல்லின்மேல் பிளந்த மூங்கில் பட்டையை உறையாக இட்டு வைக்கலாம். மறுபடி அறுக்குமுன் எண்ணெயை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்ட காடியில் பசை ஒட்டாது. வழவழப்புக்கு மெழுகை மிகச் சிறிதளவே தகட்டில் தேய்க்கலாம்.

தூளும் சிக்கனமும்

ஈட்டி மரத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். பாறைத் தூளால் வரும் சிலிக்கோசிஸ் நோயைச் சுரங்க ஊர்கள் நன்கு அறியும். மரத்தூள் அவ்வகையினது அன்றாயினும், நாள்தோறும் சுவாசிப்பது தீங்கே. மூக்குக் கவசம் அணிதலும், தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தலும் வழக்கமாகவேண்டும்.

ஈட்டி மரம் அருகி வருகிறது. 2017 ஜனவரி முதல் அது சேர்ந்த தால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. பலகையாக வாங்குவோர் அது சட்டப்படி வெட்டப்பட்ட மரம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். உடைந்த பழைய கட்டிலிலும் நாற்காலியிலும் கிடைக்கும் ஈட்டிச் சட்டங்கள் பல்லாண்டு உலர்ந்தவை, அவற்றையும் பயன்படுத்தலாம்.

மெட்டுப் பலகை ஒன்றில் 19 காடிகள் உள்ளன. பதினெட்டைச் சரியாக அறுத்துப் பத்தொன்பதாவதைப் பிழைத்தாலும் பலகை முழுவதும் பழுதாகும். நூறாண்டு வளரும் மரத்தின் ஒரு பகுதி வீணாகும். அதனைத் தடுக்க விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. அளவறிந்து தேர்ந்த ஒரு ரம்பமும், ஒரு முக்கோண அரமும், ஓர் எண்ணெய்க் கல்லும், ஒவ்வொரு நாளும் முதற் காடியை வீண் துண்டில் அறுத்து அளந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும்.